ஓமத்தண்ணியும் ஒரு மூட்டை மல்லாட்டையும்

போன மாசம் எங்க ஃபேமிலி வாட்ஸப் குரூப்பில் அத்தை ஒரு மெசேஜ் ஃபார்வர்டு பண்ணியிருந்தாங்க. வழக்கம்போல மூணு ஆச்சரியக்குறியோட ஆரம்பம். ஓமத்தண்ணி குடிச்சா சாப்பாட்டில் இருக்கிற பூஞ்சை விஷம் 90 சதவீதம் அழிஞ்சிடுமாம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக விஞ்ஞானிகளே நிரூபிச்சிட்டாங்களாம். கல்லீரல் பிரச்சினை இருக்கிறவங்க ஓமத்தை நல்லா கொதிக்க வெச்சு வடிகட்டி, காலையில வெறும் வயித்துல ஒரு டம்ளர் குடிக்கணுமாம். கடைசி வரி, நீங்க நினைக்கிறதேதான்: தமிழனாக இருந்தால் பகிரவும்.

சாதாரணமா இந்த மாதிரி மெசேஜுக்கெல்லாம் ஒரு கும்பிடு ஸ்மைலி போட்டுட்டு வேலையைப் பார்க்கிற ஆள்தான் நான். இதை அப்படி விட முடியல. ஏன்னா அது குரூப்புக்கு வந்த மெசேஜ் இல்லை, எங்க அப்பாவுக்கு வந்த மெசேஜ்.

அப்பாவுக்கு மூணு வருஷம் முன்னாடி ஹெர்னியா ஆபரேஷனுக்காக ரத்தம் டெஸ்ட் பண்ணினப்ப ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்னு வந்தது. எப்ப வந்தது, எப்படி வந்ததுன்னு யாருக்கும் தெரியாது. சின்ன வயசுலயே ஒட்டிக்கிட்டிருக்கலாம்னார் டாக்டர். இப்போதைக்கு வைரஸ் தூங்குது, மாத்திரை வேண்டாம், ஆனா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் கட்டாயம். அம்மா, நான், தம்பி மூணு பேரும் டெஸ்ட் பண்ணி, நெகட்டிவ்னு தெரிஞ்சதும் தடுப்பூசி போட்டுக்கிட்டோம். (இந்த ஊசி நாடு முழுக்கக் குழந்தைகள் அட்டவணையில் சேர்ந்ததே 2011-12 வாக்கில்தான். என் வயசுக்காரங்க பல பேர் போட்டிருக்க மாட்டீங்க. ஒரு தடவை பார்த்துக்கோங்க.)

கிளம்பும்போது டாக்டர் ரெண்டு விஷயம் சொன்னார். ஒண்ணு, தண்ணி அடிக்கக்கூடாது. அப்பா காபியைத் தாண்டி எதையும் தொட்டதில்லை, அது பிரச்சினை இல்லை. ரெண்டாவது, பூசணம் பிடிச்ச வேர்க்கடலை, மக்காச்சோளம் எதையும் வாயில வைக்கக்கூடாது. அங்கதான் அப்பா முகம் மாறிச்சு.

எங்க ஆயா ஊர் திண்டிவனம் பக்கம். அங்க வேர்க்கடலைக்குப் பேர் மல்லாட்டை. ஆடியில விதைச்சு ஐப்பசி வாக்கில் பிடுங்குவாங்க. வருஷா வருஷம் சித்தப்பா நிலத்துலேர்ந்து ஒரு மூட்டை மயிலாப்பூருக்கு வந்துடும். வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கிற சமயம் பாருங்க. பிடுங்கிக் காயப்போட்ட அன்னிக்கே மழை பிடிச்சா, ஈரக் காய்தான் மூட்டையேறும். அந்த மூட்டை எங்க வீட்டுப் பரண் கீழ, காத்தே போகாத மூலையில, கார்த்திகை முழுக்க உட்கார்ந்திருக்கும். அப்பா ஆபிஸ்லேர்ந்து வந்ததும் ஒரு கை அள்ளி உடைச்சுச் சாப்பிட்டுக்கிட்டே டிவி பார்ப்பார். வாயில கசந்தா மட்டும் துப்புவார்.

அந்தக் கசப்புக் கொட்டைக்குள்ள என்ன இருக்குன்னு அப்பதான் உட்கார்ந்து படிச்சேன். 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல வான்கோழிகள் கொத்துக் கொத்தா செத்தன. காரணம் தெரியாம 'வான்கோழி எக்ஸ் நோய்'னு பேர் வெச்சாங்க. கடைசியில பிரேசில்லேர்ந்து தீவனமா வந்த கடலைப் புண்ணாக்குல வளர்ந்த அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ்ங்கிற பூஞ்சைதான் குற்றவாளி. பூஞ்சையோட பேரைச் சுருக்கித்தான் விஷத்துக்கு அஃப்ளாடாக்சின்னு பேர். புற ஊதா வெளிச்சத்துல நீலமா மின்னினா பி, பச்சையா மின்னினா ஜி. இதுல பி1 தான் ரொம்ப மோசம். புற்றுநோய் உண்டாக்கும்னு சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபணமான பொருட்கள் பட்டியல்ல இருக்கு.

நம்ம நாட்டு கதையும் இருக்கு. 1974 கடைசியில் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்ச்மஹால் பகுதி கிராமங்களில் திடீர்னு மஞ்சள் காமாலை, வயிறு வீக்கம். காலம் தப்பிப் பெய்த மழையில் நனைஞ்ச மக்காச்சோளத்தை வேற வழியில்லாம சாப்பிட்ட ஏழை ஜனங்க. 397 பேர் பாதிக்கப்பட்டு 106 பேர் இறந்தாங்க. அதே வீட்டுச் சாப்பாட்டைத் தின்ன நாய்களும் செத்தன.

சரி, வறுத்தா போயிடாதான்னு கேட்டா, போகாது. அஃப்ளாடாக்சின் சிதைய 250 டிகிரி அக்கம்பக்கம் வேணும். நம்ம வாணலியில் வறுத்தா கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். உள்ள போனா இன்னும் கூத்து. விஷத்தை வெளியேத்தறதுக்காக கல்லீரல் அதை மாத்தப் பார்க்குது. மாத்தும்போது அதைவிட முரட்டுத்தனமான ஒரு வடிவம் உண்டாகி நேரா டிஎன்ஏவில் போய் ஒட்டிக்குது. காவலுக்கு வெச்ச ஆளே திருடனுக்குக் கதவைத் திறந்து விட்ட மாதிரி.

என்னைத் தூங்க விடாம பண்ணினது ஷாங்காய் ஆய்வு ஒண்ணு. 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனிச்சு 1994ல் வெளியிட்ட கணக்கு. அஃப்ளாடாக்சின் மட்டும் உடம்புல இருந்தா கல்லீரல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 3 மடங்கு. ஹெபடைடிஸ் பி மட்டும் இருந்தா 7 மடங்கு. ரெண்டும் சேர்ந்தா? 10 இல்லை, 21ம் இல்லை. 59 மடங்கு. அந்த நம்பரை நான் வீட்ல யார்கிட்டயும் சொல்லல.

இப்ப புரியுதா, அத்தை மெசேஜை நான் ஏன் சும்மா தாண்டிப் போகலன்னு. 90 சதவீதம் அழியும்னா, எங்க வீட்டுக்கு அது சாதாரண விஷயம் இல்லை.

புரளியாத்தான் இருக்கும்னு தேட ஆரம்பிச்சேன். பார்த்தா, ஆய்வு நிஜம்! தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலழகன் குழுவும் அமெரிக்காவின் கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்து ஆட்களும் சேர்ந்து 2010ல் 'ஃபுட் கன்ட்ரோல்' இதழில் போட்டிருக்காங்க. பல மருந்துச் செடிகளின் சாறை அஃப்ளாடாக்சினோட சேர்த்துப் பார்த்ததில், ஓம விதைச் சாறு ஜி1 வகையை 90 சதவீதத்துக்கு மேல சிதைச்சிருக்கு. விஷத்தை மறைக்கல, அதோட வளையத்தையே உடைச்ச மாதிரி தெரியுது. நம்ம ஊர் ஆராய்ச்சி, நம்ம ஊர் ஓமம். உண்மையைச் சொல்றேன், படிச்சப்ப புல்லரிச்சது.

ஆனா நமக்கு வேலையே ஸ்பெக் படிக்கிறதுதானே, முழுசும் படிச்சேன். 90 சதவீதம் ஜி1க்கு. ரொம்ப மோசமான பி1க்கு 61 தான். அந்தச் சாறும் டம்ளர்ல ஊத்திக் குடிக்கிற ஓமத்தண்ணி இல்லை. சவ்வுப் பையில ஊத்தி, சின்ன மூலக்கூறையெல்லாம் வெளியேத்திட்டு, பையில தங்கினதை எடுத்துக்கிட்டாங்க. ஓம வாசனைக்குக் காரணமான தைமால் மாதிரி சரக்கெல்லாம் அதுலயே வெளியே போயிடும். அப்புறம் முக்கியமான விஷயம்: சாறை 100 டிகிரியில் 10 நிமிஷம் கொதிக்க வெச்சா அதோட சக்தி கணிசமா குறையுது. அத்தை ரெசிப்பியோட முதல் வரியே 'நல்லா கொதிக்க வெச்சு'! :-)

அதே குழு 2014ல் ஆடாதோடை இலையை எடுத்துக்கிட்டாங்க. நம்ம வீட்ல இருமலுக்குக் கஷாயம் போடுவோமே, அதே ஆடாதோடைதான். இந்தத் தடவை பி1லேயே 98 சதவீதம். 37 டிகிரி, அதாவது உடம்புச் சூடு. ஆஹான்னு இருந்தது. ஆனா நேரம் 24 மணி. சாப்பிட்டது வயித்துல அத்தனை நேரம் ஆடாதோடையோட உட்கார்ந்திருக்காது. அதுவும் போக இதெல்லாம் சோதனைக் குழாய்க்குள்ள நடந்தது, மனுஷன் குடிச்சுப் பார்த்தது இல்லை. விஞ்ஞானிகளும் அப்படிச் சொல்லவே இல்லை. தானியத்தை, தீவனத்தை நஞ்சு நீக்க உதவுமான்னுதான் அவங்க தேடறாங்க. மூட்டைக்கு எழுதின மருந்தை யாரோ நடுவுல மனுஷனுக்கு ஃபார்வர்டு பண்ணிட்டாங்க.

அத்தைகிட்ட ஃபோன் பண்ணிப் பக்குவமாத்தான் சொன்னேன். "சரிடி, ஓமம் வேண்டாம். கீழாநெல்லி? அது உங்க மெட்ராஸ்லயே நிரூபிச்சதாச்சே?"ன்னு அடுத்த அஸ்திரத்தை எடுத்தாங்க. அத்தையைக் குறைச்சு எடை போடக்கூடாது. இதுவும் நிஜம்.

என் ஆபிஸ் தரமணியில. தினமும் டைடல் பார்க் சிக்னல்ல வெந்துகிட்டு நிக்கிறேன். அதுக்குப் பக்கத்துலயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் வளாகம் இருக்கு. அங்க எஸ்.பி. தியாகராஜன் குழு ஹெபடைடிஸ் பி உள்ளவங்களுக்குக் கீழாநெல்லியை 30 நாள் கொடுத்துப் பார்த்தது. கூட்டு சேர்ந்தவர் யார் தெரியுமா? இந்த வைரஸையே அடையாளம் காட்டி 1976ல் நோபல் வாங்கின ப்ளம்பர்க். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸ் அடையாளம் மறைஞ்சது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருத்தருக்குத்தான். 1988ல் 'லான்செட்'டில் வந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது.

அப்புறம் மத்தவங்களும் செஞ்சு பார்த்தாங்க. தாய்லாந்துல பலன் இல்லை. நியூசிலாந்துல பலன் இல்லை. 2011ல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்து அலசின காக்ரேன் தொகுப்பும் நம்பும்படியான ஆதாரம் இல்லைன்னு எழுதிடுச்சு. எந்த மண்ணில் விளைஞ்சது, ஃபைலாந்தஸ்ல எந்த வகை, எப்படிக் காய வெச்சாங்கன்னு ஒவ்வொண்ணும் மாறுதுன்னு ஒரு வாதம் உண்டு. இருக்கலாம். ஆனா அந்த வாதத்தை நம்பி அப்பாவோட ஆறு மாச ஸ்கேனை விட முடியுமா? அத்தை வீட்டுப் பக்கம் ஒருத்தர் அப்படி விட்டுட்டு, கடைசியில அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் வாசல்ல போய் நின்னதை அத்தையே ஒரு தடவை சொல்லியிருக்காங்க. அதை ஞாபகப்படுத்தினதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

அத்தைக்காகவே, சித்த மருத்துவம் படிச்ச என் ஸ்கூல் தோழிகிட்டயும் கேட்டேன். எங்க அத்தைக்கு டாக்டர்னா சந்தேகம், வைத்தியர்னா பக்தி. அவ சிரிச்சா. "மூலிகைக்குப் பூஞ்சை பிடிக்காதுன்னு யாருடி சொன்னது? எங்க படிப்புல முதல்லயே சரக்கு சுத்தி. சூரணத்துக்கு ஆயுசு மூணு மாசம்தான். ஜனங்க அப்பா காலத்து டப்பாவுலேர்ந்து எடுத்துப் போட்டுக்கறாங்க" என்றாள். யோசிச்சுப் பார்த்தா சரிதான். கோணிச் சாக்கில் கிடக்கிற காய்ஞ்ச இலைக்கும் காய்ஞ்ச கடலைக்கும் பூஞ்சைக்கு என்ன வித்தியாசம்? 1988லேயே பீகாரில் கடைச் சரக்கு மூலிகைகளை எடுத்துச் சோதிச்சப்ப பெரும்பாலானவற்றில் அஃப்ளாடாக்சின் பி1 இருந்திருக்கு. விஷத்துக்கு மருந்துன்னு வாங்கினதுலயே விஷம்.

கச்சேரி ரோட்டுல டப்பா செட்டி கடை 1885லேர்ந்து இருக்கு. எங்க வீட்டு தீபாவளி லேகியச் சாமான் அங்கதான். அங்க நின்னு பார்த்திருக்கேன், கொஞ்சமா வாங்கிட்டுப் போய் அப்பப்ப புதுசா இடிச்சுக்கிறவங்கதான் பழைய ஆளுங்க. கிலோக்கணக்குல வாங்கி ஃப்ரிட்ஜ் மேல வருஷக்கணக்கா வைக்கிறது நம்ம தலைமுறைதான்.

அப்ப மூலிகைக்கு இதுல இடமே இல்லையா? இருக்கு. ஆனா நான் தேடின இடத்துல இல்லை, ஆயா வெச்சிருந்த இடத்துல இருந்தது.

அதே 1988. (அந்த வருஷத்துக்கு என்ன ராசியோ!) அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில், அரசு வேளாண் ஆய்வகத்தில் பட்நாகர், மெக்கார்மிக்னு ரெண்டு பேர் வேப்பிலைச் சாறை இந்தப் பூஞ்சை வளர்ற திரவத்துல ஊத்தினாங்க. பூஞ்சை பாட்டுக்கு வளருது, சாகல. ஆனா விஷம் தயாரிக்கிறதை 98 சதவீதம் நிறுத்திடுச்சு. இதுல ஒரு நிபந்தனை. சாறு முன்னாடியே இருக்கணும். விஷத் தயாரிப்பு ஒரு தடவை ஆரம்பிச்சிட்டா அப்புறம் வேப்பிலை ஊத்தி பிரயோஜனம் இல்லை.

ஆயா குதிர்ல, பானையில போடற வேப்பிலை, நொச்சி, வசம்பு எல்லாமே முன்னாடி போடறதுதான். அவங்க பூச்சிக்காகத்தான் போடறாங்க. ஆனா பூச்சி துளைச்ச ஓட்டை வழியாத்தான் பூஞ்சை உள்ள நுழையுது, அதனால கணக்கு சரியாத்தான் வருது. காய்ஞ்ச இலைக்கு ஆய்வகச் சாறோட வீரியம் இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். அதைவிடப் பெரிய மருந்து ஆயா கையில இருந்தது: மல்லாட்டையைக் காதுகிட்ட வெச்சுக் குலுக்கறது. உள்ள கொட்டை கலகலன்னு சத்தம் போட்டாத்தான் காய்ஞ்சிருக்குன்னு அர்த்தம், அதுக்கப்புறம்தான் மூட்டை. வேளாண் துறை ஈரப்பதம் 8 சதவீதத்துக்குள்ள இருக்கணும்கிறாங்க. ஆயாகிட்ட மீட்டர் இல்லை, காது இருக்கு.

சீனாவுல, ஷாங்காய்க்குப் பக்கத்துல சிடோங்னு ஒரு ஊர். கல்லீரல் புற்றுநோய்க்குப் பேர் போன ஊர். 1997ல் அங்க 180 பேரை வெச்சு, இலைப் பச்சையத்துலேர்ந்து எடுத்த குளோரோஃபிலின் மாத்திரையை நாலு மாசம் கொடுத்தாங்க. சிறுநீர்ல அஃப்ளாடாக்சின் ஏற்படுத்தின சேத அடையாளம் 55 சதவீதம் குறைஞ்சது. மனுஷங்க மேலயே முறையா நடந்த சோதனை, நல்ல விஷயம். ஆனா அந்த ஊர்ல 35 வயசுக்குக் கீழ உள்ளவங்களோட கல்லீரல் புற்றுநோய்ச் சாவு பாதிக்கு மேல குறைஞ்சதுக்குக் காரணமா அவங்க சொல்றது மாத்திரையை இல்லை. 1980களில் ஜனங்க மக்காச்சோளத்தை விட்டு அரிசிக்கு மாறினதைத்தான்.

இந்த வருஷம் மூட்டையோட ஆயாவும் வந்தாங்க. மொட்டை மாடியில் ரெண்டு நாள் வெயில் காய வெச்சு, உடைச்சு, முறத்துல போட்டு உட்கார்ந்தோம். சுருங்கினது, நிறம் மாறினது, முளை விட்டது, தோல் கிழிஞ்சது எல்லாம் தனியா. ஒரு மூட்டை விஷமும் பெரும்பாலும் சில கெட்ட கொட்டைகள்லதான் குவிஞ்சிருக்கும். அதனால இந்தப் பொறுக்கற வேலைக்குப் பலன் ரொம்ப அதிகம். பெரிய ஃபேக்டரிகள்ல கேமரா வெச்சுச் செய்யறதை ஆயா கண்ணாலேயே செஞ்சாங்க, கண்புரை ஆபரேஷன் ஆன கண்ணால. அப்பாவும் உட்கார்ந்து பொறுக்கினார், ஒண்ணுகூட வாயில போடாம. நல்லதெல்லாம் மூடி போட்ட டின்னுல. பொறுக்கினது ஒரு கிலோ தேறிச்சு.

"இதைக் குடு, ஊருக்குக் கொண்டுபோய் செக்குல போட்டுக்கறேன். புண்ணாக்கு மாட்டுக்கு ஆகும்" என்றார் ஆயா.

இங்கதான் சிக்கலே. செக்குல ஆட்டினா விஷத்துல ஒரு பங்கு எண்ணெய்ல வரும், மீதி புண்ணாக்குல தங்கும். ரிஃபைன் பண்ற எண்ணெய்ல காரம் சேர்த்துச் சுத்தம் பண்ணும்போது அது போயிடும், செக்கெண்ணெய்க்கு அந்தப் படி கிடையாது. (செக்கெண்ணெய் ரசிகர்கள் அடிக்க வராதீங்க, நல்ல கடலையில ஆட்டினா பிரச்சினையே இல்லை.) புண்ணாக்கைத் தின்ன மாடு பி1ஐ எம்1னு மாத்திப் பால்ல விடும். காய்ச்சினாலும் போகாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரி எடுத்து, 2019 அக்டோபர்ல ரிசல்ட் சொன்னாங்க. 368ல் எம்1 அளவுக்கு மேல. லிட்டருக்கு அரை மைக்ரோகிராம்தான் சுமாரான வரம்பு. எந்த மாநிலம் முதலிடம்னு கேட்கறீங்களா? தமிழ்நாடு. 551ல் 88. எங்க வீட்டு டிகிரி காபிக்கும் இந்த மூட்டைக்கும் சம்பந்தம் இருக்குன்னு அன்னிக்குத்தான் உறைச்சது.

ஆயாகிட்ட எம்1 எல்லாம் சொல்லல. "ஆயா, வான்கோழி செத்தது புண்ணாக்காலதான்"னு அந்த இங்கிலாந்து கதையை மட்டும் சொன்னேன். கேட்டுக்கிட்டாங்க. "அப்ப குப்பையில போடச் சொல்றியா? தின்ற பொருளையா?" ஒரு கிலோவையும் மஞ்சப்பையில கட்டி, கோயம்பேட்டுல பஸ் ஏறி ஊருக்கே தூக்கிட்டுப் போயிட்டாங்க. வரப்போரமா குழி தோண்டிப் புதைச்சாச்சுன்னு நாலு நாள் கழிச்சு ஃபோன். "இதுக்கு எதுக்கும்மா மெட்ராஸ்லேர்ந்து டிக்கெட் எடுத்துத் தூக்கிட்டு வந்த?"ன்னு பின்னாடி சித்தப்பா சத்தம் போடறது கேட்டது.

ஃபோனை சித்தப்பா வாங்கினார். வீட்ல இதே மாதிரி பொறுக்குக் கொட்டை ரெண்டு மூட்டை இருக்காம். செக்குக்காரர் வர்ற திங்கட்கிழமை எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காராம், ரேட் கம்மிதான், ஆனா கையில காசு.

"அதையும் குழியில போட்டா யாரும்மா காசு குடுப்பா?" என்றார். கிண்டலாக் கேட்கல, நிஜமாவே கேட்டார். எவ்வளவு வரும் சித்தப்பான்னு கேட்டிருக்கேன். எடை போட்டுச் சொல்றேன்னிருக்கார்.